மும்முனை மின்சாரமும் பிரவீணாவின் பரிசமும்

தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரிப் பேசுவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பயந்தாங்கொள்ளிகள்தான் அதை அதிகம் செய்கிறோம். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுமோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டு எதையாவது சொல்லிவிடுகிறது. பிறகு அந்த வாயைக் காப்பாற்ற உடம்பு முழுவதும் ஓட வேண்டியிருக்கிறது.

நான் ஓடிய ஓட்டத்தைக் கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு, கூரையும் மற்ற வீடுகளைவிடப் பெரியது. நான் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து டவுனில் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறேன். கிரைண்டர்களும் மாவு வைக்கும் பெரிய ஐஸ்பெட்டிகளும் பகலெல்லாம் ஓடும். கரண்டு பில் வரும் நாளில் என் கணவர் சேகர் அதை ஒன்றும் சொல்லாமல் மாவு வாளியின் மூடி மேல் வைத்துவிட்டு, பள்ளி வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார். (அவர் திட்டினால்கூட பரவாயில்லை. மனிதர் அதிகம் பேச மாட்டார். அதுதான் பயம்.)

அந்தச் சமயத்தில்தான் தினேஷ் வந்தான். சோலார் ஏஜெண்ட். கழுத்தில் டை, கையில் டேப்லெட். கூரையை நிமிர்ந்து பார்த்து, ஏதோ புதையலைக் கண்டவன் மாதிரி தலையாட்டினான்.

"ஆன்ட்டி, இந்த மாதிரி ரூஃப் இந்த ஏரியாவுலயே இல்ல. சின்னதா போட்டா வேஸ்ட். பெருசா போடுவோம். மிச்சம் வர்ற கரண்ட கம்பத்துக்குத் திருப்பி அனுப்பிருவோம். பில்லுல கழிச்சுக்குவாங்க."

நான் தலையாட்டினேன். கூரை நிறையக் கறுப்புத் தகடுகள் ஏறின. கார் நிறுத்துமிடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள். அதற்கு இன்வெர்ட்டர் என்று பெயர். அதன் அடியில் கைப்பிடி மாதிரி ஒரு பெரிய சுவிட்சு.

"இதைப் போடலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப கூடாது ஆன்ட்டி. மின்சார ஆபிஸ் ஓகே சொல்லணும். ஒரு ஃபார்மாலிட்டிதான்."

அந்த ஃபார்மாலிட்டி மாதக்கணக்கில் நீண்டது. எங்கள் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது ஒருமுனை இணைப்பு; ஒரு கம்பி வழியாக வருகிற மின்சாரம். நாங்கள் போட்டிருக்கும் அளவு பெரிய சோலாரை அந்த ஒரு கம்பியோடு சேர்க்க விதி இடம் கொடுக்காது. ஒன்று, பாதித் தகடுகளைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் மும்முனை இணைப்புக்கு மாற வேண்டும். இதைத் தகடுகள் ஏறிய பிறகுதான் தினேஷ் சொன்னான், ஏதோ நல்ல செய்தி சொல்பவன் மாதிரி.

மாறுகிறோம் என்று விண்ணப்பித்தோம். அடுத்த கேள்வி வந்தது. நாங்கள் திருப்பி அனுப்பப்போகும் மின்சாரத்தை எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் தாங்குமா? ஆராய்ந்து பார்த்துத்தான் சொல்வார்களாம். அன்றிலிருந்து தெருமுனையில் இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, உடம்பு சரியில்லாத மாமியார் மாதிரி என் கவலையாகிவிட்டது. மழை பெய்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காதே என்று தோன்றும். மாவு கொடுக்கப் போகும்போது மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் மெதுவாக்கி, அது வழக்கம்போல் முனகுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். தகடுகளோ கூரையில் சும்மா காய்ந்துகொண்டிருந்தன. மைனாக்கள் அவற்றின் அடியில் குடும்பம் நடத்தின.

கடைசியில் டிரான்ஸ்பார்மர் தாங்கும் என்று பதில் வந்தது. கம்பத்திலிருந்து புதுக் கேபிள் இழுக்கத் தேதியும் வந்தது. ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மதியம் வரை எங்கள் தெரு முழுவதும் கரண்டு இருக்காது.

தேதியைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்தேன். அதே சனிக்கிழமைதான் பக்கத்து வீட்டுப் பிரவீணாவுக்குப் பரிசம்.

பிரவீணாவின் அம்மா சரஸ் அக்கா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தி, கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியவர். மாப்பிள்ளை வீடு செரண்டா என்ற ஊரில். கொஞ்சம் வசதியான குடும்பம். "நம்மள ஒரு வார்த்த சொல்லிறக் கூடாதுடி" என்று இரண்டு மாதமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அண்ணன் தம்பி இல்லாததால், பெண் வீட்டுச் சார்பில் தட்டு மாற்றப்போவது நானும் சேகரும்தான்.

மின்சார அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த டேட்ட விட்டீங்கன்னா திரும்பவும் கியூவுல போய் நிக்கணும். அடுத்தது எப்ப கெடைக்கும்னு எனக்கே தெரியாது. அதுக்குள்ள உங்க சோலார் அப்ரூவல் முடிஞ்சி போச்சுன்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"டிரான்ஸ்பார்மரையுமா?"

"அதையும்தான்."

மறுபடி அந்தப் பெட்டியின் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படும் தெம்பு எனக்கு இல்லை. நேராகச் சரஸ் அக்கா வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அக்கா முன்வாசலில் பந்தல்காரரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் டேப் வைத்து இடத்தை அளந்துகொண்டிருந்தார்.

"மதியத்துக்குள்ள குடுத்துருவாங்கல்ல?" என்றார் அக்கா. "நமக்கு நாலரைக்குத்தான் நல்ல நேரம். நீ ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்க?"

"அவங்க மதியம்னுதான் சொல்றாங்க. லேட்டாயிருச்சுன்னா?"

"ஆவுமா?"

அக்காவின் முகம் வாடத் தொடங்கியது. என் வாய் திறந்துகொண்டது.

"ஆனா என்னாக்கா? கூரை மேல அவ்ளோ பெரிய சோலார் சும்மாதானே கெடக்குது. அன்னைக்கு அதைப் போட்டுவுட்டு ஒரு வயர் இழுத்துக்கலாம். உங்க பந்தல், ஃபேனு, பாட்டு எல்லாத்துக்கும் பத்தும். கரண்டே இல்லாதப்ப யாருகிட்ட பெர்மிஷன் கேக்கணும்?"

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இன்றுகூட எழுதிப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றுகிறது.

பந்தல்காரர் டேப்பைச் சுருட்டினார். "அப்ப ஜெனரேட்டர் வேணாமாம்மா? அதே சனிக்கெழம வேற ஒருத்தரும் கேட்டுக்கிட்டு இருக்காரு."

அக்கா என்னைப் பார்த்தார்.

"அவருக்கே குடுத்துருங்கண்ணே" என்றேன். அக்கா சொல்லவில்லை. நான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஏணி வைத்த லோரி வந்தது. மேற்பார்வையாளர் ரஹிம் என்ற மலாய்க்காரர்; தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். எல்லோருக்கும் சலாம் சொன்னார். நாங்கள் மரியாதையாக 'என்சிக்' ரஹிம் என்று கூப்பிட்டோம். கரண்டை நிறுத்தினார்கள். ஐஸ்பெட்டிகள் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கின. பிரவீணாவின் மூன்றடுக்கு கேக் என் ஐஸ்பெட்டி ஒன்றில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆர்டருக்கான மாவு வாளிகள் மற்றவற்றில்.

மதியத்துக்கு முன்னாலேயே புதுக் கேபிள் எங்கள் வீடுவரை வந்துவிட்டது. எனக்குப் பாதி உயிர் திரும்பியது. அப்போது கம்பத்தின் மேல் இருந்தவர் ஏதோ கத்தினார். என்சிக் ரஹிம் நிமிர்ந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஒரு மனிதர் தலையைச் சொறிவதைப் பார்த்து நான் அவ்வளவு பயந்தது அன்றுதான்.

கம்பத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம் துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கிறதாம். புதுக் கேபிளின் பாரத்தை அதில் ஏற்ற முடியாது. வேறு சட்டம் கிள்ளானிலிருந்து வர வேண்டும்.

"எத்தனை மணிக்கு வரும்?" என்று மலாயில் கேட்டேன்.

"சபார், புவான்" என்றார். பொறுமையாக இருங்கள், அம்மா என்கிறார். என்னிடம் இல்லாத ஒரே பொருள்.

சனிக்கிழமை, கிள்ளான் ரோடு, நெரிசலைக் கேட்கவே வேண்டாம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பந்தலுக்குள் நின்றால் இட்லிச் சட்டிக்குள் நிற்பது மாதிரி இருந்தது. பந்தல்காரர் ஆள் உயரக் காற்றாடிகள் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தி, வயர் எல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டு, "கரண்டு வந்தா தானா ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டுப் போடும் பையனும் அப்படியே செய்தான். மேக்கப் செய்ய வந்த பெண் பிரவீணாவின் முகத்துக்கு இரண்டாவது முறை பவுடர் போட்டுவிட்டு, "ஆன்ட்டி, ஃபேன் எப்ப ஓடும்?" என்று என்னைக் கேட்டாள். எல்லோரும் என்னையே கேட்டார்கள். கரண்டு என் மடியில் இருக்கிற மாதிரி.

மதியத்துக்கு மேல் சரஸ் அக்காவே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "நேரமாவுது லா. அந்த சோலாரப் போட்டுறலாமா?"

"இதோக்கா" என்றேன். தினேஷுக்குப் போன் போட்டேன்.

"தினேஷ், அந்தப் பெரிய சுவிட்ச எந்தப் பக்கம் திருப்பணும்?"

"ஏன் ஆன்ட்டி? மீட்டர் மாத்திட்டாங்களா?"

"இல்லப்பா. தெருவுலயே கரண்டு இல்ல. அதான் போட்டுக்கலாம்னு."

"ஆன்ட்டி, தெருவுல கரண்டு இல்லன்னா சோலாரும் வராது."

"வெயில் கொளுத்துதே."

"வெயில் இருக்கும் ஆன்ட்டி. ஆனா லைன்ல கரண்டு இருந்தாத்தான் இன்வெர்ட்டர் முழிக்கும். உங்களுது பேட்டரி இல்லாத சிஸ்டம்."

"கரண்டு இல்லாத நேரத்துக்குத்தானே இதை வாங்கினேன்?"

"இல்ல ஆன்ட்டி. பில்லு கொறையறதுக்கு வாங்குனீங்க."

அவன் விளக்கிக்கொண்டே போனான். தெரு இருட்டாக இருக்கும்போது நம் வீட்டுக் கரண்டு கம்பத்துக்கு ஏறினால், மேலே வேலை செய்கிறவர் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். அவ்வளவுதான், ஆள் முடிந்தார். அதற்குப் பிறகும் அவன் ஏதோ சொன்னான். என் காதில் ஏறவில்லை. சன்னல் வழியாகக் கம்பத்தில் சாய்த்திருந்த ஏணிதான் தெரிந்தது. (அவன் கடைசியாகச் சொன்னது இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது: "ஆனா பயப்படாதீங்க, நீங்களே சுவிட்சைத் திருப்பினாலும் மெஷின் கரண்டை வெளிய விடாது." அந்த ஒரு வரி காதில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

சரஸ் அக்காவிடம் போய்ச் சொன்னேன். தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு தாம்பாளத்தில் குங்குமத்தைக் கோபுரம் மாதிரிக் குவித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோக வேண்டும் என்று இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது. நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். ஏசியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் கொஞ்சம் இலேசாகியிருக்கும். "சரி" என்று சொல்லிவிட்டு, விரலால் கோபுரத்தின் உச்சியைக் கூர்மையாக்கினார். "ஜெனரேட்டர் எங்கயாச்சும் கெடைக்குதான்னு உன் வூட்டுக்காரர பாக்கச் சொல்லு."

சேகர் வேனை எடுத்துக்கொண்டு போனார். சுங்கை பெசார் வரை போன் போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை, கல்யாண சீசன். எங்கும் இல்லை. வெறும் ஐஸ்கட்டி மூட்டைகளோடு திரும்பி வந்தார். கேக்கைச் சுற்றி அடுக்கினோம். மேல் அடுக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்து யாரையோ குசலம் விசாரிப்பது மாதிரி நின்றது. பக்கத்து ஐஸ்பெட்டியைத் திறந்தால், மாவு வாளிகளின் மூடிகள் மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தன. ஒரு வாளி வழிந்து, மாவு தரை வரை வந்திருந்தது. அதைத் துடைக்கக் குனிந்தபோது வாசலில் வேன் ஹாரன் கேட்டது.

மாப்பிள்ளை வீட்டார் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன், பெருமாள் மாமா. தொழிற்சாலையில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பரிசப் பேச்சின்போதே மூன்று தடவை சொல்லியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளை. பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார். ஓடாத காற்றாடியைப் பார்த்தார். சட்டைக் காலரை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டார்.

"கரண்டு இல்லையா?"

"வேலை நடக்குதுங்க மாமா" என்றேன். "இப்ப வந்துரும்."

அவர் கண் மேலே போனது. என் கூரையில் நின்றது. "அது யார் வூடு?"

"எங்க வூடுதாங்க."

"சோலாரு போட்டிருக்கீங்க. அப்பறம் ஏன் எல்லாரும் வெந்துகிட்டு இருக்கோம்?"

"அது கரண்டு இருந்தாத்தான் வேலை செய்யுங்க."

பெருமாள் மாமா என்னையே பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்தார். விசிறிக்கொண்டிருந்த பெண்கள் விசிறுவதை நிறுத்தினார்கள்.

"கரண்டு இருந்தா அது எதுக்கும்மா?" என்றார் மாமா.

தினேஷ் சொன்னதை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். "பில்லு கொறையும்" என்றேன். யாரோ பின்னால் இருமினார்கள். கஞ்சத்தனம் பண்ணுகிறாள், பக்கத்து வீட்டுக்கு ஒரு வயர் கொடுக்க மனசு வரவில்லை என்று அந்த இருமலுக்கு அர்த்தம். சரஸ் அக்கா யாரையும் பார்க்காமல் எல்லோருக்கும் ரோஸ் சிரப் பானம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் கிள்ளானிலிருந்து சட்டம் வந்துவிட்டது. கம்பத்தில் மறுபடி ஆள் ஏறினார். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று என்சிக் ரஹிம் கை காட்டினார். நான் வெற்றிலைத் தட்டைச் சரி செய்ய எடுத்தேன். எடுத்தவள் சும்மா இருக்காமல் பெருமாள் மாமா எங்கே என்று தேடினேன். நாற்காலி காலியாக இருந்தது.

என் வீட்டுப் பக்கம் திரும்பினேன். மாமா என் கார் நிறுத்துமிடத்தில் இன்வெர்ட்டருக்கு முன்னால் நின்று கண்ணாடியைப் போட்டு அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில். இன்னொரு கை அந்தப் பெரிய சுவிட்சில்.

கம்பத்தின் மேல் அந்த மனிதர் குறடை வாயில் கவ்வியபடி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

மாமாவிடம் ஓடுவதா, கம்பத்துக்கு ஓடுவதா என்று தெரியவில்லை. கால்கள் தாமாகக் கம்பத்தை நோக்கி ஓடின. கையில் வெற்றிலைத் தட்டோடு, பட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, நடுத்தெருவில் ஓடினேன். வெற்றிலை வழியெல்லாம் சிதறியது. 'கீழே இறங்குங்கள்' என்பதற்கு மலாயில் என்ன என்று மூளை தேடியது. பள்ளியில் படித்த மொழி முழுவதும் மறந்துபோய் ஒரே ஒரு வார்த்தை கிடைத்தது.

"துருன்! துருன்! துருன்!"

குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். கம்பத்தில் இருந்தவர் குறடைக் கீழே போட்டார். கீழே இருந்தவர்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். அவர் இறங்கிய வேகத்தில் ஏணி ஆடியது. தரையில் கால் வைத்ததும் என்னைச் சுற்றிப் பாம்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.

"சுவிட்சு" என்றேன், மூச்சு வாங்க. "சோலாரு. மாமா."

என்சிக் ரஹிம் என் வீட்டுக்கு நடந்து போனார். அவசரப்படாமல்தான் போனார். பெருமாள் மாமா சுவிட்சைத் திருப்பியே விட்டிருந்தார். இன்வெர்ட்டரில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

ரஹிம் எனக்கு விளக்கிச் சொன்னார். லைனில் கரண்டு இல்லாவிட்டால் இந்தப் பெட்டி எதையும் வெளியே அனுப்பாது, அதனால் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால், என்று தொடர்ந்தார். லைனோடு சேர்ந்த ஒரு சுவிட்சை யாரோ தொட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, விதிப்படி எல்லா ஆட்களும் இறங்க வேண்டும். இதைப் பூட்ட வேண்டும். லைனை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஏறலாம்.

"அதற்கு எவ்வளவு நேரம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு சிவப்புப் பூட்டை எடுத்துச் சுவிட்சில் மாட்டினார். ஆக, கரண்டு இன்னும் தாமதமானதற்குக் காரணம் கிள்ளான் ரோடும் இல்லை, துருப்பிடித்த சட்டமும் இல்லை. என் தொண்டைதான்.

"யார் இதைத் திருப்பியது?" என்று ரஹிம் பொதுவாகக் கேட்டார். பெருமாள் மாமா தன் நகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பந்தலுக்குத் திரும்பி நடந்தேன். வெற்றிலைகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தேன். சரஸ் அக்கா பந்தல் வாசலில் நின்றார். என் சேலையைக் கீழே இறக்கிவிட்டார். முந்தானையைச் சரி செய்தார். "அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆவலல்ல?"

"ஆவலக்கா."

"அது போதும். வா, நேரமாச்சு."

கரண்டு இல்லாமலே ஆரம்பித்தோம். மேக்கப் பெண் கைவிட்டுவிட்டாள். பிரவீணா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் நானும் சேகரும். எதிரில் மாப்பிள்ளையின் பெற்றோர், நடுவில் பெருமாள் மாமா. இரண்டு பக்கத்துக்கும் இடையில் பாயில் தட்டுகள். எங்களுக்குப் பின்னால், ஆள் உயரக் காற்றாடி. அதன் சுவிட்சு காலையிலிருந்து முழு வேகத்தில் போட்டபடியே இருக்கிறது என்பது யார் நினைவிலும் இல்லை. (என்னையும் சேர்த்துத்தான். அடுப்பை அணைத்தேனா என்று கோயிலிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். அந்த ஒரு சுவிட்சைப் பார்க்கவில்லை.)

பெருமாள் மாமா எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, இன்னார் மகனுக்கு இன்னார் மகளை நிச்சயம் செய்கிறோம் என்று சொல்லத் தொடங்கினார். நல்ல குரல். வெயிலையும் மறந்து எல்லோரும் கேட்டார்கள். நான் சேகரோடு சேர்ந்து குங்குமத் தாம்பாளத்தை இரண்டு கையால் தூக்கி, மாமாவின் நெஞ்சு உயரத்துக்கு நீட்டினேன்.

அப்போது கரண்டு வந்தது.

முதலில் பாட்டுப் பெட்டி அலறியது. கல்யாணப் பாட்டு இல்லை, பையன் காலையில் சோதித்துப் பார்த்த குத்துப் பாட்டு. நான் துள்ளினேன். அதே நொடியில் என் முதுகில் காற்று மோதியது. குங்குமக் கோபுரம் தட்டிலிருந்து எழுந்தது. கொட்டவில்லை, சிந்தவில்லை. ஒரு சிவப்பு மேகமாக அப்படியே எழுந்து நேராகப் பெருமாள் மாமா மேல் போய் இறங்கியது.

யாரோ ஓடிப்போய்க் காற்றாடியை நிறுத்தினார்கள். பாட்டும் நின்றது. மேகம் அடங்கியது.

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். தலைமுடி, நெற்றி, மீசை, சட்டை, இடுப்பு வரை சிவப்பு. கண்ணாடியைக் கழற்றினார். கண்களைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டங்கள் வெள்ளையாக இருந்தன. அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது, சரஸ் அக்கா இனி என் முகத்தில் முழிக்க மாட்டார், வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கூரையில் தகடு இருப்பதால் நல்ல விலைக்குப் போகுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

மாமா நிதானமாக மேலே தொங்கிய விளக்கைப் பார்த்தார்.

"கரண்டு வந்துருச்சு" என்றார்.

முதலில் சிரித்தது சரஸ் அக்கா. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும் சிரிப்பாக வந்தது. வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை, அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். பிரவீணா சிரித்து, துடைத்த முகத்தை மறுபடி துடைத்தாள். மாப்பிள்ளைப் பையன் மாமாவின் தோளில் சாய்ந்து சிரித்ததில் அவன் சட்டையும் சிவந்தது. நான் மட்டும் வெறும் தாம்பாளத்தைப் பிடித்தபடி அழுதேன். சேகர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக என்னிடம் ஒரு வாக்கியம் பேசினார்.

"மூணு முனையும் வந்துருச்சு போல. காத்து நல்லா அடிக்குது."

வேலை முடித்த என்சிக் ரஹிமும் ஆட்களும் அன்று அந்தப் பந்தலில்தான் சாப்பிட்டார்கள். கம்பத்திலிருந்து இறங்கி ஓடியவருக்குச் சாய்ந்த கேக்கின் மேல் அடுக்கை முழுதாகக் கொடுத்தேன்.

அதன் பிறகும் எங்கள் சோலார் உடனே ஓடிவிடவில்லை. மீட்டர் மாற்ற வந்தார்கள், சோதிக்க வந்தார்கள், ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று திரும்பிப் போனார்கள், மறுபடி வந்தார்கள். ஒரு வழியாக அனுமதி கிடைத்து, பூட்டைக் கழற்றிச் சுவிட்சைத் திருப்பியபோது பச்சை விளக்கு எரிந்தது. இப்போது பில் குறைந்துதான் வருகிறது. தெருவில் கரண்டு போனால் எங்கள் வீட்டிலும் போய்விடும். யாரும் காரணம் கேட்பதில்லை, எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

பெருமாள் மாமாவின் அந்தச் சட்டை கடைசிவரை வெளுக்கவில்லையாம். பிரவீணாவின் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு அவர் பளீரென்ற சிவப்புச் சட்டையில் வந்து இறங்கினார். என்ன மாமா இது என்று யாரோ கேட்டதற்கு, வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த என்னைக் கண்ணால் காட்டி, "அந்தம்மா வந்திருக்குதுல்ல" என்றார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் மாமா சிவப்புச் சட்டைதான்.

சமீபத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்குப் பரிசம் நடந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். மாமா மட்டுமல்ல, அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் சிவப்பில் வந்திருந்தார்கள். புதுச் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, பக்கத்தில் இருந்த பிரவீணாவின் கணவனிடம் மரியாதையாகக் கேட்டார்.

"தாய்மாமனுங்க எல்லாம் சிவப்பு உடுத்தியிருக்காங்களே. உங்க வழக்கமா?"

"ஆமாங்க" என்றான் அவன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "எங்க குடும்பத்துல ரொம்ப காலமா அப்படித்தான். வெளிச்சம் வரும்னு ஐதீகம்."

பெரியவர் தலையாட்டினார். தங்கள் பக்கத்திலும் அடுத்த விசேஷத்துக்கு அப்படியே செய்யலாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பலகாரத் தட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.